டைரி எழுதினால் குற்றவுணர்வு கூடுகிறதே, ஏன்?

முப்பதைத் தாண்டியபின் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு) என்று தெரிந்தது, டைரி எழுத உட்கார்ந்தால் என்னை நானே திட்டுவதில்தான் முடிகிறது என்கிறீர்கள்.

கோளாறு எழுத்தில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. ‘நான் சோம்பேறி’ என்பது தீர்ப்பு. ‘பில் மேசையில் 9 நாள் கிடந்தது, ஆப்பைத் திறந்தேன், பாஸ்வேர்ட் கேட்டது, மூடிவிட்டேன்’ என்பது பதிவு. இதில்தான் தடங்கல் எங்கே என்று பிடிபடும்: பணம் கட்டுவதில் அல்ல, பாஸ்வேர்டில்.

தினமும் எழுதுவேன் என்று சபதம் எடுக்காதீர்கள். ஆறாம் நாள் விட்டுப்போகும், அதற்கும் வெட்கப்படுவீர்கள். மனதைப் பாதித்ததை எழுதச் சொல்லி உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் நடத்தி, 1986-இல் வெளியான ஆய்வில்கூட தினம் 15 நிமிடம், 4 நாள்தான். எழுதி முடித்ததும் மனம் கனப்பது சகஜம். ஆனால் ஒரே வசவு மூன்று நாளும் திரும்பி வந்தால் நிறுத்திவிட்டு, ஆலோசகரிடம் பேசுங்கள்.

கூடவே ஏடிஹெச்டி பற்றிக் கொஞ்சம் படியுங்கள். 2013 வரை, மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம், ஆட்டிசத்தையும் ஏடிஹெச்டியையும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்ல அனுமதிக்கவில்லை. பழைய ரிப்போர்ட்டில் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கிறதென்றால், அதற்கு நீங்கள் ‘சரியாகச் சொல்லாதது’ மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.