கட்டிலடியில் ஒரு நாய்: கேள்வி பதில்

(மிரண்ட நாய்களைத் தத்தெடுத்தவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், மீட்கப்பட்ட நாய்களை வீட்டில் வைத்துப் பழக்குபவர்.)

கேள்வி: காப்பகத்திலிருந்து நேற்று முன்தினம் ஒரு நாயைக் கொண்டுவந்தோம். கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. வெளியே இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சினால் பயம் தெளியுமா?

பதில்: தயவுசெய்து இழுக்காதீர்கள். இப்போதைக்கு அந்த வீட்டில் அதற்கென்று இருக்கும் ஒரே இடம் கட்டிலடிதான்.

என்னிடம் வந்த ஒரு நாய், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் பதினோரு நாள் ஒடுங்கிக் கிடந்தது. நாங்கள் உறங்கிய பிறகு வந்து சாப்பிடும், கூடத்து மூலையில் சிறுநீர் கழிக்கும், மறுபடி சந்துக்குள் புகுந்துகொள்ளும். தினமும் மாலையில் அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன். பக்கத்தில் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று இருக்கும். பன்னிரண்டாம் நாள் குதிகாலில் ஏதோ ஈரமாகப் பட்டது. மூக்கு! நான் திரும்பவில்லை. பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. அன்று திரும்பிப் பார்த்திருந்தால் இன்னும் பதினோரு நாள் ஆகியிருக்கும்.

முதல் ஒன்றிரண்டு நாள் குறைவாகச் சாப்பிடுவது சகஜம். ஒரு முழு நாளைக்கு மேல் எதையுமே தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை, அல்லது வாந்தி, பேதி என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டியென்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மூன்று நாளில் பதற்றம் அடங்கும், மூன்று வாரத்தில் வீடு பழகும், மூன்று மாதத்தில் நம் நாயாகிவிடும் என்கிறார்களே?

பதில்: குத்துமதிப்பான கணக்கு. நாய்க்கு நாட்காட்டி தெரியாது.

கேள்வி: நாளைக்கே வெளியே நடத்திக்கொண்டு போகலாமா?

பதில்: உங்களுக்கு மதில் சூழ்ந்த முற்றம் இருந்தால் சில நாள் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கும் கயிற்றோடுதான். புது நாய் ஓடிப்போனால் அதற்குத் திரும்பி வர வழி தெரியாது. உங்கள் வீடுதான் தன் வீடு என்பதே இன்னும் தெரியாதே!

வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீர்கள். மிரண்ட நாய் தலையைத் தாழ்த்திப் பின்னோக்கி இழுக்கும்; பட்டை காதுகளைத் தாண்டி நழுவிவிடும். அடுத்த நொடி உங்கள் கையில் வெறும் கயிறு. உடம்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் ஒன்றும் கழுத்துப்பட்டை ஒன்றும் போட்டு, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டுங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடம் வேண்டாம். வாசற்கதவைத் திறக்கும் முன் உள்கதவு சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். விருந்தாளி வரும்போதும், பார்சல் வாங்கும்போதும்தான் நாய் தப்பிக்கிறது. பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். நாயின் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் இருந்தால் அதன் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

அப்படியும் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். கண்ணில் பட்டால் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, உணவைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: என் ஏழு வயது மகள் தட்டருகே போனபோது நாய் உறுமியது. என் கணவர் அதை அதட்டிவிட்டார். செய்தது சரிதானே?

பதில்: அவர் பதறியது புரிகிறது, ஆனால் அதட்டியது சரியில்லை. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்குத் திட்டு வாங்கும் நாய் உறுமாமலேயே கடிக்கக் கற்றுக்கொள்ளும். உறுமலுக்கு முன்பே அது பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கும்: உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணோரத்து வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு சட்டென்று விறைப்பது. விறைப்பைப் பார்த்த உடனே மகளை அழைத்துக்கொண்டு விலகுங்கள்.

சாப்பிடும்போதும் உறங்கும்போதும் குழந்தை அதன் பக்கம் போகக் கூடாது. இருவரையும் தனியே விடவே கூடாது, ஐந்து நிமிடம்கூட. உறுமல் தொடர்ந்தால் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல்வலியோ காதுவலியோ இருக்கும் நாயும் உறுமும். பல் பட்டுவிட்டால், கீறல்தான் என்றாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கேள்வி: இடி இடித்தால் நடுங்குகிறது. தடவிக்கொடுத்தால் பயம் இன்னும் கூடிவிடும் என்று எச்சரிக்கிறார்கள்.

பதில்: பழைய கதை. பயம் ஓர் உணர்ச்சி, பரிசு கொடுத்து வளர்க்கும் பழக்கம் அல்ல. உங்களிடம் ஒண்டிக்கொண்டால் தடவிக்கொடுங்கள். ஒளிந்துகொண்டால் விட்டுவிடுங்கள். உடம்பில் காயம் படும் அளவுக்குப் பதறினால் மருந்து உண்டு, ஆனால் அதைக் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். நீங்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கொண்டுவந்த அன்றே குளிப்பாட்டலாமா? நாற்றம் தாங்கவில்லை.

பதில்: நாற்றம் உங்களுக்குத்தான் தொல்லை, அதற்கு இல்லை. ஈரத்துணியால் துடைக்கவிடுகிறதா என்று பாருங்கள். விடவில்லையென்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கம்பி இருக்கும் ஜன்னலை.