படித்தவர்கள் மட்டும் வேண்டுமா?

கேள்வி: சென்னையில் பல வருஷம் வேலை பார்த்தேன். நான் தன்பாலீர்ப்பு உள்ளவன். அங்கே எனக்கென்று ஒரு நண்பர் வட்டம் இருந்தது. அப்பா போன பிறகு அம்மாவைத் தனியாக விட முடியாமல், காட்பாடியைத் தாண்டி ஒரு புது லேஅவுட்டில் வீடு வாங்கி வந்துவிட்டேன். வேலை வீட்டிலிருந்தே. வாசலில் நின்றால் "இன்னா தம்பி, எப்போ கல்யாண சாப்பாடு?" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இந்தப் பழமைவாத ஊரில் எங்களைப் போன்றவர்கள் யாருமே கிடையாதா? (பஜாரில் கடை கடையாகக் காசு கேட்டு வரும் திருநங்கைகளைச் சொல்லிவிடாதீர்கள். படித்த, நாகரிகமான ஆட்களைக் கேட்கிறேன்.) அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விஷயம் தெரிந்தால் தெருவே உங்களைப் பற்றி என்ன பேசும் என்று பயப்படுகிறீர்களோ, அதையேதான் நீங்கள் இன்னொருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதுவும் ஒரு பத்திரிகைக்கு!

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு உங்களைக் குற்றவாளி ஆக்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6-ல். அதற்கு நான்கு வருஷம் முன்பே, 2014 ஏப்ரல் 15 தீர்ப்பில், தன் பாலினம் எது என்று தானே சொல்லும் உரிமை திருநங்கைகளுக்குக் கிடைத்துவிட்டது. 2018 தீர்ப்பைப் புரட்டிப் பாருங்கள், 2014 தீர்ப்பைத் திரும்பத் திரும்பத் துணைக்கு அழைத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று நல வாரியம் வந்தது 2008-ல். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருக்க முடிந்தது. அவர்களால் ஒளிந்துகொள்ள முடியாது, அதனால் லத்தியடியும் அவர்களுக்குத்தான் முதலில் விழுந்தது. கை நீட்டிக் காசு கேட்கிறார்கள் என்றால், வேலையும் தராமல் வாடகைக்கு வீடும் தராமல் விரட்டிய ஊரைத்தான் கேட்க வேண்டும். அந்த ஊரில் நீங்களும் நானும் சேர்த்திதான்.

மாசி மாதம் மயானக் கொள்ளைத் திருவிழா அன்று பாலாற்றங்கரைக்குப் போயிருக்கிறீர்களா? காளி வேடம் கட்டி வருகிறவர்களில் திருநங்கைகளும் உண்டு. ஊரே கும்பிடும். மறுநாள் அதே ஊர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காராது. உங்கள் கடிதத்தில் அந்தக் கும்பிடுகூட இல்லை.

சரி, யாருமே இல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன். 2025 மே 22-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு ஆட்கொணர்வு மனு முடிவுக்கு வந்தது. வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் எதிர்மனுதாரர். 25 வயதுப் பெண் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் குடும்பமே அடைத்து வைத்திருக்கிறது என்று அவருடைய காதலியான தோழி வழக்குப் போட்டிருந்தார். புகார் போயிருந்த காவல் நிலையங்களில் குடியாத்தமும் ஒன்று. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணிடமே கேட்டது. அவர் தோழியோடு போவதாகச் சொன்னார், போகவிட்டார்கள். குடும்பம் குறுக்கே நிற்கக் கூடாது, தேவைப்படும்போது போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும் என்றும் உத்தரவு. 2023-ல் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தரவில்லை. ஆனாலும் குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தானே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று இந்த இரண்டு நீதிபதிகளும் எழுதினார்கள். குடியாத்தம் உங்கள் வீட்டிலிருந்து எத்தனை தூரம்? பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கே இருக்கிறார்கள் என்றால் காட்பாடியில் இருக்க மாட்டார்களா? வாசலில் போர்டு மாட்டியிருக்க மாட்டார்கள். நீங்களும் மாட்டவில்லையே.

பழமைவாத ஊர் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். வங்காளத்தில் எழுதிய கடைப் பலகைகள், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள், யார் யாரோடு தங்குகிறார்கள் என்று குடையாத லாட்ஜ்கள். இந்தப் பக்கம் வி.ஐ.டி.க்கு எந்தெந்த மாநிலத்துப் பிள்ளைகளோ வருகிறார்கள். டவுன் அந்நியர்களுக்குப் பழகியது. மூக்கை நுழைப்பது உங்கள் லேஅவுட்தான். எல்லாரும் கடன் வாங்கி வீடு கட்டி, மாலையில் வேறு வேலையில்லாமல் கேட்டில் நிற்கிற இடம் எல்லா ஊரிலும் அப்படித்தான் இருக்கும்.

ஆட்களைத் தேட, உள்ளூரில் தேடுவதைவிட சென்னை வழியாகத் தேடுவது நல்லது. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் சென்ட்ரல். 1998-லிருந்து இயங்கும் சகோதரன் அமைப்பு, இணையத்தில் தமிழிலும் எழுதும் ஓரினம் குழு, 2009 முதல் நடக்கும் ஜூன் மாத வானவில் பேரணி எல்லாம் அங்கே இருக்கின்றன. உங்கள் பழைய நண்பர்களிடமே கேளுங்கள்: ஆம்பூர், ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்து ஆட்கள் யாராவது தெரியுமா என்று. அப்படி ஒருவர் கை காட்டி வருகிற அறிமுகம்தான் நம்பிக்கையானது. ஆப்பில் பார்த்த முகத்தை நம்பி ராத்திரி பைபாஸ் ஓரம் போகாதீர்கள். வரச்சொல்லி, படம் எடுத்து, "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று பணம் பறிக்கும் கும்பல்கள் உண்டு. மாட்டிக்கொண்டால் முதல் ஆயிரத்தையே கொடுக்காதீர்கள், கொடுத்தால் நிற்காது. அது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவு. உங்களைப் போன்றவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்பதற்கும் தமிழ்நாட்டில் 2022 முதல் போலீஸ் நடத்தை விதி இருக்கிறது. தனியாகப் போகாமல் ஒரு வக்கீலோடு போங்கள்.

அம்மா விஷயம். வேலையும் தங்க இடமும் இல்லாத பிள்ளைகள் இதைக் கேட்டால், முதலில் அது இரண்டையும் பாருங்கள், அப்புறம் பேசுங்கள் என்றுதான் எழுதுவேன். உங்களுக்குச் சம்பளமும் இருக்கிறது, வீடும் உங்களுடையது. ஆனால் அவர் புருஷனை இழந்த சூட்டில் சொல்ல வேண்டாம். அப்பாவின் வருஷ திதி முடியட்டும், சொந்தக்காரர் கூட்டம் ஊர் போய்ச் சேரட்டும். சொன்னதும் "டாக்டரிடம் போகலாம், சரியாகிவிடும்" என்பார். மாற்றிக் காட்டுகிறேன் என்று எவனாவது டாக்டர் பணம் கேட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். அந்த மாதிரி சிகிச்சையை 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை செய்தார். அடுத்த வருஷமே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. நல்ல மனநல ஆலோசகர் யாராவது கிடைத்தால் அம்மாவை மட்டும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்குத்தான் அப்போது பேச ஆள் தேவைப்படும்.