அரசாணைக்குப் பின்னால் யார்? நிர்வாகத் துறையின் அதிகாரம் பற்றிய கேள்வி பதில்

தலைமைச் செயலகத்தில் கோப்புகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரசு நிர்வாகத்தின் அதிகாரம் எதுவரை என்று கேட்டு வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், குரூப் 2-க்குப் படிக்கிறேன். சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகத் துறை அதைச் செயல்படுத்தும் என்று மனப்பாடம் செய்கிறோம். அப்படியானால் சட்டமே இல்லாத விஷயத்தில் அரசு எதுவும் செய்யக் கூடாதா?

பதில்: செய்யலாம் தம்பி. 1955-இல் வந்த ராம் ஜவாயா கபூர் வழக்கின் தீர்ப்பைப் படியுங்கள். பள்ளிப் பாடநூல் வெளியிடும் வேலையைப் பஞ்சாப் அரசு தானே எடுத்துக்கொண்டது. அந்தத் தொழிலில் இருந்த பதிப்பாளர்கள் "இதற்குச் சட்டம் எங்கே?" என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். சட்டம் இயற்றுவதையும் நீதி வழங்குவதையும் கழித்துவிட்டால் மிஞ்சுகிற அரசுப் பணி எல்லாம் நிர்வாகம்தான், ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் தேவையில்லை என்றது நீதிமன்றம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் போன்றவை அரசாணையிலேயே நடப்பது இதனால்தான். ஆனால் இரண்டு இடத்தில் கை கட்டப்படும். பணம் செலவழிக்கச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். குடிமக்களின் உரிமையைக் குறைப்பதென்றால் சட்டம் கட்டாயம் வேண்டும், வெறும் ஆணை செல்லாது.

கேள்வி: அரசாணைகளின் கடைசியில் "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருக்கிறதே, அவர் படித்துப் பார்த்துத்தான் ஆணையிடுகிறாரா ஐயா?

பதில்: இல்லை அம்மா. அரசமைப்புச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, மாநில அரசின் ஆணைகள் ஆளுநர் பெயரில் வர வேண்டும் என்கிறது. நடப்பது வேறு. உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர் என்று மேலே போய்ச் செயலாளரிடமும், தேவைப்பட்டால் அமைச்சர், முதலமைச்சரிடமும் சேரும். ஆளுநர் பெயரில் வரும் அந்த ஆணையில் கையெழுத்திடுவது செயலாளர்தான். ஓர் அரசாணை கையில் கிடைத்தால் தொடக்கத்தில் உள்ள "படிக்கப்பட்டவை" பட்டியலை முதலில் பாருங்கள். எந்த முந்தைய ஆணை, எந்தக் கடிதம் அடிப்படை என்பது அங்கேதான் இருக்கும். ஆணை சரியில்லை என்றால் பெரும்பாலும் சிக்கல் அங்கிருந்தே தொடங்கும்.

கேள்வி: ஆளுநர் அமைச்சரவை சொல்வதை மட்டும்தான் செய்ய வேண்டுமா? சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் அவரிடம் கிடப்பில் கிடந்தனவே?

பதில்: பொது விதி அதுதான். 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அப்படிச் சொன்னார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையிலிருந்த பேரறிவாளனை விடுவிக்கலாம் என்று தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது.

மசோதா விஷயம் சிக்கலானது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுநர் முடிவெடுக்கக் கால வரம்பு விதித்து, தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்றார்கள். நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கால வரம்பு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் இல்லை என்று கருத்துச் சொன்னது. ஆனால் காரணமே சொல்லாமல் நீண்ட காலம் வைத்திருந்தால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். என் கருத்தைக் கேட்டால், இது போதாது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை நிறைவேற்றியது ஒருவர் மேசையில் தேங்கிக் கிடக்கவே கூடாது.

கேள்வி: குடியரசுத் தலைவரும் இப்படித்தானா?

பதில்: அமைச்சரவை ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை மறுபடி வந்தால் ஏற்றாக வேண்டும்.

கேள்வி: அவசரச் சட்டம் என்பது சட்டமன்றத்தைச் சுற்றிப் போகும் குறுக்கு வழி இல்லையா?

பதில்: அவை கூடாத நேரத்தில் அமைச்சரவை சொல்லி ஆளுநர் பிறப்பிக்கும் தற்காலிகச் சட்டம் அது. குறுக்கு வழியா என்பது பயன்படுத்துகிறவரைப் பொறுத்தது. 2017 ஜனவரி 21 அன்று ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் வந்தது. 23-ஆம் தேதியே பேரவை மசோதாவை நிறைவேற்றியது. அவை கூடிய உடனே அவை முன் வைப்பது, அதுதான் முறை. அவை கூடி ஆறு வாரத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் அவசரச் சட்டம் காலாவதியாகிவிடும். பீகாரில் என்ன செய்தார்கள் தெரியுமா? காலாவதியாகும் நேரத்தில் அதையே மறுபடி பிறப்பித்தார்கள். 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். சில பத்தாண்டுக்கும் மேலாக உயிரோடு இருந்தன. புனேயில் ஆய்வு செய்துகொண்டிருந்த பேராசிரியர் வாத்வா இதைத் தோண்டி எடுத்து வழக்குப் போட்டார். 1986-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2017-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு, இப்படி மறுபடி பிறப்பிப்பது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றே சொல்லிவிட்டது.

கேள்வி: பிரதமர் ஒருவரே நெருக்கடி நிலையைக் கொண்டுவர முடியுமா?

பதில்: 1975-இல் நடந்தது ஏறக்குறைய அதுதான். ஜூன் 25 இரவு இந்திரா காந்தியின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலைதான் தெரியும். இனி அது நடக்காது. 1978-இல் வந்த 44-ஆவது திருத்தத்தின்படி அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் பிறப்பிக்க முடியும். அந்தத் திருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: ஆக்கிரமிப்பு என்று சொல்லி அதிகாரி வீட்டை இடிக்க வந்தால் என்ன செய்வது அண்ணா?

பதில்: குற்றம் சாட்டப்பட்டவர் வீடு என்பதற்காக மட்டும் இடிக்கவே முடியாது. குற்றவாளி யார் என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. உச்ச நீதிமன்றத்தின் 2024 நவம்பர் 13 தீர்ப்பின்படி, காரணம் கேட்டு நோட்டீஸ் தந்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், நேரில் விசாரிக்க வேண்டும். மீறினால் திரும்பக் கட்டும் செலவு அந்த அதிகாரியின் சொந்தப் பணத்தில் போகும். சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. எனவே உங்கள் இடம் வருவாய்ப் பதிவேட்டில் என்னவென்று இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.