திரித்த பழமொழியும் திருத்திய பழமொழியும்: மேடையில் எதைச் சொல்லலாம்?

கேள்வி: எங்கள் அலுவலக விழாக்களைத் தொகுத்து வழங்கும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடமே வருகிறது. பழமொழிகளைச் சற்று மாற்றிச் சொல்லிச் சிரிக்க வைப்பது என் வழக்கம். அண்மையில் ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்று தொடங்கியதுமே முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, அது ‘கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை’ என்பதன் சிதைவு என்றும், கழு என்பது ஒருவகைக் கோரை, அதில் பாய் தைத்தால் கற்பூர வாசனை தெரியும் என்றும் விளக்கத் தொடங்கிவிட்டார். கைப்பேசியில் சுற்றும் இத்தகைய ‘உண்மைப் பொருள்’ செய்திகளை நம்பலாமா? பழமொழியைத் திரித்துச் சொல்வது தவறா? தவறில்லை என்றால் நன்றாகத் திரிப்பது எப்படி?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு வகை மாற்றங்கள் இருக்கின்றன. நீங்கள் செய்வது, மாற்றியிருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும்படி மாற்றுவது. முன்வரிசைக்காரர் செய்தது, மாற்றிவிட்டு அதுவே மூலம் என்று சொல்வது. இரண்டில் எதைக் கண்டு கவலைப்பட வேண்டும் என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கழுதையையே முதலில் எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் கழுதைக்குக் கஸ்தூரியின் மணம் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெலுங்கில் கழுதைக்குச் சந்தனத்தின் மணம் தெரியுமா என்கிறார்கள். இந்தியில் குரங்குக்கு இஞ்சியின் சுவை என்ன தெரியும் என்கிறார்கள். அருமை அறியாத விலங்கு ஒன்றையும் அருமையான பொருள் ஒன்றையும் அருகருகே நிறுத்தும் இந்த வார்ப்பு பல மொழிகளுக்குப் பொதுவானது. ‘கழு தைக்க’ என்ற பிரிப்போ தமிழ் எழுத்துகளை வைத்து மட்டுமே ஆடக்கூடிய விளையாட்டு. அது மூலமாக இருந்திருந்தால், அந்தப் பிரிப்புக்கு இடமே இல்லாத மொழிகளில் அதே கழுதை வாசனைப் பொருளோடு வந்து நிற்பதற்குக் காரணம் சொல்ல முடியாது. மேலும், பாயை முடைவார்கள், பின்னுவார்கள், நெய்வார்கள். தைப்பதாகச் சொல்லும் வழக்கம் இல்லை. எனவே அந்த நண்பரிடம் நீங்கள் கழுதையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதே சோதனையை மற்றவற்றுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா’ என்பதில் குதிரை இல்லை, ஆற்றிடை மண்மேடாகிய ‘குதிர்’தான் இருந்தது என்பார்கள். நீரில் கரையும் மண்குதிரையின் மேல் ஏறி ஆற்றைக் கடக்கப் பார்க்கும் மடமை கேட்டவுடன் கண்முன் நிற்கிறது. அதற்கு மேல் ஒரு விளக்கம் தேவைப்படவே இல்லை. விளக்கம் தேவைப்படாத படத்தை எடுத்துவிட்டு, அகராதியைப் புரட்ட வைக்கும் படத்தை அங்கே வைப்பவர், பழமொழி எப்படி வேலை செய்கிறது என்பதையே மறந்துவிடுகிறார். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பதை ‘ஆயிரம் வேரைக் கண்டவன்’ என்று திருத்துவோர் உண்டு. வேர் வடிவம் பொருளுக்குப் பொருந்துகிறது, சொல்லவும் நன்றாக இருக்கிறது. இன்னொரு வடிவமாக அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் மருத்துவரைக் கிண்டல் செய்ய முன்னோர் துணிந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து அதை மூலமாக்குவது சரியில்லை. நோயாளியின் உயிரை வைத்தே வைத்தியர் தொழில் கற்கிறார் என்ற முறையீடு, முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினியின் எழுத்திலேயே இருக்கிறது. கிண்டல் மனிதருக்குப் புதிதல்ல.

இத்தகைய திருத்தங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே போக்கைக் காணலாம்: கூர்மையான கேலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பக்தியையோ மருத்துவக் குறிப்பையோ நல்லொழுக்கத்தையோ வைப்பது. ‘அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்’ என்பதில் வரும் அடியை இறைவனின் திருவடி ஆக்குவது இந்த வகை. நோக்கம் நல்லதுதான், பிள்ளையை அடிப்பதற்குப் பழமொழியைச் சாட்சிக்கு அழைப்பவரை நானும் விரும்புவதில்லை. ஆனால் பிடிக்காத பழமொழியைச் சொல்லாமல் விட்டுவிடுவது, அதற்குப் புனிதப் பொருள் கற்பிப்பதைவிட நேர்மையானது. ‘ஆறிலும் சாவு நூறிலும் சாவு’ என்பதைக் கர்ணனோடு சேர்த்து, பாண்டவரோடு நின்று அறுவரில் ஒருவனாக இருந்தாலும் கௌரவர் நூற்றுவரோடு நின்றாலும் சாவு உறுதி என்று அவன் சொன்னதாக விரிக்கும் விளக்கம் கேட்கச் சுவையானது. ‘இப்படியும் சொல்வார்கள்’ என்ற முன்னுரையோடு அதைச் சொல்வதில் பிழையே இல்லை.

உறுதி செய்துகொள்ள விரும்பினால் பழைய தொகுப்புகளைப் பாருங்கள். பெர்சிவல் பாதிரியாரின் தொகுப்பு 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டிருந்தது, லாசரஸ் 1894இலும், பொருள்வாரியாக வகுத்த ஜென்சன் 1897இலும் தங்கள் தொகுப்புகளை வெளியிட்டார்கள், கி.வா.ஜகந்நாதனின் தொகுப்பு நான்கு தொகுதிகளாக வந்தது. ஒரு ‘மூல வடிவம்’ இவற்றில் எங்கும் தலைகாட்டாமல் கைப்பேசியில் மட்டும் உலவினால், அதன் வயதைப் பற்றி ஐயப்படலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பழமொழிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு மூல வடிவம் என்று இருப்பதில்லை. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூற்றில் ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்று இருப்பதைத்தான் நாம் தவளை என்கிறோம். அங்கே ‘நிறைகுடம் நீர்தளும்பல் இல்’ என்று வெண்பாவுக்குள் அமைந்தது இன்று ‘நிறைகுடம் தளும்பாது’ என்று சுருங்கியிருக்கிறது. இவற்றை யாரும் சிதைவு என்று குறை சொல்வதில்லை, ஏனென்றால் படம் மாறவில்லை.

திரிப்பது தவறா என்ற கேள்விக்குத் தொல்காப்பியமே ஒரு வழி காட்டுகிறது. முதுமொழி என்பது ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம்’ என்று செய்யுளியல் சொல்கிறது. அதாவது, பேசுகிறவர் எடுத்துக்கொண்ட கருத்தை நிறைவு செய்யத் துணையாக வருவது அது. எங்கும் எப்போதும் பொருந்தும் சட்டம் அல்ல. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்றும் ‘பதறாத காரியம் சிதறாது’ என்றும் ஒரே மொழி இரண்டையும் வைத்திருப்பது இதனால்தான். இடத்துக்கேற்ப எடுத்தாளும் பொருளை இடத்துக்கேற்ப வளைப்பதும் பழைய பழக்கமே. ஜெர்மனியில் பிறந்த பழமொழி ஆய்வாளர் உல்ஃப்காங் மீடர் இத்தகைய திரிப்புகளுக்கு ‘எதிர்ப்பழமொழி’ என்று பொருள்படும் கலைச்சொல்லை 1982இல் உருவாக்கினார். இன்று பழமொழி ஆய்வில் அது தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது.

இனி, நன்றாகத் திரிப்பது எப்படி? பழமொழியின் ஓசையைத் தொடாதீர்கள்; என் அனுபவத்தில் சிரிப்பில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வருகிறது. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பதில் ‘ஆட’, ‘கூட’ என்று எதுகை ஓடுகிறது. இதை ‘பாடத் தெரியாதவர் மைக்கைக் குறை சொன்னாராம்’ என்று மாற்றினால் செய்தி புதிது, ஆனால் காது ஏமாந்துபோகிறது. அவையில் புன்னகை வரும், சிரிப்பு வராது. ‘பாடத் தெரியாதவர் மேடை கோணல் என்றாராம்’ என்றால் ‘பாட’, ‘மேடை’ என்று எதுகை நிலைத்து, பழைய பழமொழியின் நடையிலேயே புதியது வந்து சேர்கிறது. மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வைத் தொடங்கும்போது ‘நிறைகுடம் தளும்பாது’ என்பதை ‘நிறைவயிறு எழும்பாது’ என்று சொல்லிப் பாருங்கள். இறுதி ஓசை ஒத்திருப்பதால் கேட்பவர் மனத்தில் மூலம் தானாக ஒலிக்கும். அதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

மாற்றம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பதை, கைப்பேசியின்மேல் கவிழ்ந்து கிடக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ‘ஐந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிருமா’ என்று சொன்னால், இரண்டு வினைகள் மட்டுமே மாறி முழுப் பொருளும் தலைகீழாகிறது. ‘லைக் இட்டவரை உள்ளளவும் நினை’ என்பதில் மோனை கெட்டுவிட்டாலும், எஞ்சிய சொற்கள் அப்படியே இருப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. முதற்பாதி, பிற்பாதி இரண்டையும் மாற்றினால் அது உங்கள் சொந்த வாக்கியமாகிவிடும்; அதைப் பழமொழி என்று அவை அடையாளம் காணாது. இளையோர் மிகுந்த கூட்டத்தில், மூலம் அவர்களுக்குத் தெரியுமா என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். தெரியாத பழமொழியின் திரிபு வெறும் புதிர்.

மரபுத்தொடர்களுக்கு வழி வேறு. அவற்றில் சொல்லை மாற்ற வேண்டாம். நேர்ப்பொருள் தலைகாட்டும்படி இடத்தை மட்டும் மாற்றுங்கள். பணி ஓய்வு பெறும் கணக்கரை ‘இத்தனை ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தும் எவரிடமும் கணக்குத் தீர்க்காதவர்’ என்று வாழ்த்தினால், பழி வாங்குதல் என்ற மரபுப் பொருளும் அவருடைய தொழிலும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அது பாராட்டாகவும் இருக்கிறது என்பது கூடுதல் வசதி.

சாதியையோ, பெண்களையோ, உடற்குறையையோ இழிவுபடுத்தும் பழமொழிகளை மட்டும் திரிப்பதற்காகவும் எடுக்காதீர்கள். திரிபைச் சொல்வதற்கு முன் கேட்பவர் மனத்தில் மூலம்தான் முதலில் எழும்; அதை எழுப்பியது நீங்களே. ஒரு மாலை நிகழ்ச்சிக்கு இரண்டு திரிபுகளுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது முறை நீங்கள் பழமொழியைத் தொடங்கும்போதே அவை முடிவை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். விழா மலரில் அச்சிடுவதாக இருந்தால் மூலத்தை அடைப்புக்குறிக்குள் தராதீர்கள். அச்சுப்பிழை திருத்துபவரிடம் மட்டும் இது வேண்டுமென்றே மாற்றியது என்று முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் அவர் அக்கறையோடு அதைப் பழையபடி மாற்றிவிடுவார்.