எட்டடி ஓவியத்துக்கு எத்தனை அடி தூரம்?

கேள்வி: பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்காக எட்டடி அகலம், ஆறடி உயரத்தில் அக்ரிலிக் ஓவியம் ஒன்று வாங்கினோம். கருநீலப் பரப்பில் ஒன்றையொன்று ஊடுருவும் ஆறு சிவப்பு முக்கோணங்கள், நடுவே செம்பு இலை ஒட்டிய வட்டம், அதற்குள் ஒரு புள்ளி, கோடுகளுக்குள் மறைந்தும் தெரிந்தும் நடராசர். கண்காட்சியில் அமைதியாக இருந்த படம் பட்டாசலில் (கூடத்தில்) மாட்டியதும் நெளிகிறது. ஆச்சி தலை சுற்றுகிறது என்கிறார்கள். புள்ளியையே பார்த்தால் சுற்றியுள்ளவை மறைந்துபோகின்றன. மாலையானால் சிவப்பு கறுத்துவிடுகிறது. இது ஸ்ரீசக்கரமா? இதற்கு விளக்கேற்றலாமா? பட்டாசல் 15 அடி நீளம், 11 அடி அகலம். ஓவியம் நீளச்சுவரில் இருக்கிறது. கோடிச்சுவர் வெறுமையாக இருக்கிறது. அதற்கு நேர் எதிரே மூன்றடி அகல வாசல்.

பதில்: ஓவியத்தில் குறையில்லை. அதற்கு வேண்டிய தூரத்தை நீங்கள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எட்டுக்கு ஆறு என்றால் மூலைவிட்டம் சரியாகப் பத்தடி. அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 15 அடி தள்ளி நின்றால்தான் இப்படிப்பட்ட படம் முழுதாகக் கண்ணில் அமரும். நீளச்சுவருக்கு எதிரே நாற்காலி போட்டால் ஒன்பது அடிதான் மிஞ்சும்.

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த அகலத்தைத்தான் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்க்கிறது. மற்றதெல்லாம் மங்கல்; அந்த மங்கலைத் தெளிவாக்கக் கண் ஓயாமல் அலைகிறது. கிட்டத்திலிருந்து பார்க்கும்போது நெருக்கமான கோடுகள் மேல் அந்த அலைச்சல் கூடிவிடுகிறது. சிவப்பும் நீலமும் ஒரே அளவு வெளிச்சம் உடையவையாக இருந்தால் அவற்றின் விளிம்பு துடிப்பதுபோல் தோன்றும். ஓவியத்தை செல்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். முக்கோணமும் பின்புலமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிட்டால், உங்கள் ஆச்சி சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களுக்கு ஒற்றைத் தலைவலியோ வலிப்போ இருந்தால் மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

புள்ளியைப் பார்க்கும்போது சுற்றம் மறைவதை சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். பார்வை அசையாமல் நிலைத்தால், ஓரத்தில் மாறாமல் இருப்பதைக் கண் கைவிட்டுவிடுகிறது. இது கண் கோளாறு இல்லை. காரணம் தெரிந்துவிட்டதால் அனுபவம் பொய்யாகிவிடுவதும் இல்லை. ஓவியர் வட்டத்தின் வெளிவிளிம்பை மென்மையாகக் கரைத்துவிட்டிருப்பது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்ரீசக்கரத்தில் ஒன்பது பெரிய முக்கோணங்கள் உண்டு: நான்கு மேல்நோக்கி, ஐந்து கீழ்நோக்கி. அவை வெட்டிக்கொள்வதில் 43 சிறு முக்கோணங்கள் பிறக்கும். வெளியே எட்டிதழ், பதினாறிதழ்த் தாமரைகள் இருக்கும். உங்கள் ஓவியத்தில் இருப்பவை ஆறு, தாமரையும் இல்லை. இது ஓவியரின் சொந்த வடிவம். ஸ்ரீசக்கரத்துக்கு உரிய வழிபாட்டு நியமங்கள் இதற்குப் பொருந்தா. கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் ஜாதகக் கட்டங்களையும் எழுத்துகளையும் ஓவியமாக்கினாரே, அந்த மரபின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கிறேன்.

ஆனால் ஓவியத்தை வணங்குவது நம் பகுதிக்குப் புதிதா? குற்றாலம் சித்திர சபையில் ஆடவல்லான் சுவரோவியமாகவே இருக்கிறான். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்று அது; தாமிர சபை நெல்லையப்பர் கோயிலில் இருக்கிறது. செம்பு வட்டம் அதைத்தான் நினைவூட்டுகிறது. ஆகவே கைகூப்புவதில் தயக்கம் வேண்டாம். விளக்கை மட்டும் படத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். எண்ணெய்ப்புகையும் சாம்பிராணியும் எத்தனையோ கோயில் ஓவியங்களைக் கறுக்க வைத்திருக்கின்றன. அக்ரிலிக் பரப்பு வெயில் காலத்தில் சற்று இளகும். படிந்த கரி எளிதில் போகாது. ஆறேழு அடி தள்ளி, ஒரு பக்கமாக ஏற்றுங்கள். கற்பூரம் வேண்டவே வேண்டாம். செம்பு கறுத்தால் குடத்தைத் துலக்குவதுபோல் புளி போட்டுவிடாதீர்கள், மெல்லிய இலை அத்தோடு போய்விடும். விரல் படாமல் பார்த்துக்கொண்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

இனி இடம். கோடிச்சுவர்தான். 11 அடியில் எட்டு போக இருபுறமும் ஒன்றரை அடி மிஞ்சும். வாசலில் நின்றால் 15 அடி கிடைக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தார்சாவையும் (முன்கூடத்தையும்) கடந்து, வாசலிலிருந்து இருபதடி தள்ளி நேராக நின்றால் மூன்றடிக் கதவின் வழியே ஓவியத்தில் ஐந்தேகால் அடி அகலம் மட்டுமே தெரியும். பத்தடிக்கு வந்தால் ஏழரை அடி. இன்னும் இரண்டடி நெருங்கினால் முழு எட்டும் விரிந்துவிடும். கோயிலில் வாசல் வாசலாகக் கடந்து கருவறையை நெருங்குகிறோமே, அந்த நடை உங்கள் வீட்டிலேயே அமைந்திருக்கிறது.

உயரத்தைச் சட்டத்தின் நடுவை வைத்துக் கணக்கிடாமல், புள்ளியை வைத்துக் கணக்கிடுங்கள். புள்ளி தரையிலிருந்து ஐந்தடியில் இருக்கட்டும். பழைய சுண்ணாம்புக் காரையில் ஆணி நிற்காது. தேக்குச் சட்டம் ஒன்றைச் செங்கல்வரை துளைத்து முடுக்கி, அதன்மேல் தாங்க வையுங்கள். ஓவியத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் அரை அங்குலத் தக்கை ஒட்டினால் ஐப்பசி மழையில் சுவர் ஓதம் துணியில் ஏறாது.

மாலையில் சிவப்பு கறுப்பது வெளிச்சக் குறைவால். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருளும், நீலம் எழும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் குறியீடு (சி.ஆர்.ஐ.) 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. விளக்கைக் கேட்டு வாங்குங்கள். பத்தடி உயரக் கூரையென்றால், சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் பொருத்திப் புள்ளியை நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

துளை போடுவதற்கு முன் எட்டுக்கு ஆறாக மடித்த படுக்கை விரிப்பைக் கோடிச்சுவரில் ஒருநாள் முழுக்கக் கட்டித் தொங்கவிடுங்கள். காலை வெயில் வாசல் வழியே அதன்மேல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்த நேரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி தேவைப்படும். விளக்கு வைத்த பிறகு ஆச்சியை அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார வைத்து, விரிப்பு கண்ணுக்கு நேரே வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்.