நிலநடுக்கம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

வணக்கம் சார். பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் நில அதிர்வு ஆய்வுக்குப் போக ஆசைப்படுகிறாள்; "முன்கூட்டியே சொல்லவே முடியாததைப் படித்து என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் குறித்துச் சொல்ல முடியாது என்பது சரிதான். அந்தத் துறையின் அன்றாட வேலையே வேறு.

வடகிழக்கு ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பசிபிக் தட்டு (பூமியின் மேற்பகுதியை மூடியிருக்கும் பிரம்மாண்டமான பாறைப் பலகைகளில் ஒன்று) நாட்டுக்கு அடியில் சரிந்து புதைகிறது. நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. ஆனால் சிறு நடுக்கங்கள் ஒவ்வொன்றும் எந்த ஆழத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டே போனால், அந்தப் புள்ளிகளே தட்டின் வடிவத்தைக் காட்டிவிடும். 1970களில் தொஹோகு பல்கலைக்கழகத்தினர் இப்படிக் குறித்தபோது, புள்ளிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு அடுக்குகளாக விழுந்தன. இடைவெளி 30 முதல் 40 கிலோமீட்டர். அதிர்வைப் பதிவுசெய்யும் ஒவ்வொரு நிலையத்திலும் முதல் அசைவு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று பார்த்தால், பாறை நசுங்கி உடைந்ததா, இழுபட்டு உடைந்ததா என்று கணக்கிடலாம். மேலடுக்கு, தட்டு சரியும் திசையில் நசுங்குகிறது. கீழடுக்கு அதே திசையில் இழுபடுகிறது. வளைந்து இறங்கிய தட்டு உள்ளே போய் நிமிர்வதால் இப்படி என்பது ஒரு விளக்கம்.

ஆக, இது இயற்பியலும் கணிதமும் புரோகிராமிங்கும் சேர்ந்த வேலை. பாறையைத் தட்டிப் பார்ப்பதைவிடக் கணினி முன் உட்காரும் நேரம்தான் அதிகம். கட்டடம் இடியாமல் கட்டுவதுதான் அவள் ஆசை என்றால் சிவில் பக்கம் போகட்டும்.

ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதினால் காரக்பூர், ரூர்க்கி, தன்பாத் ஐஐடிகளில் புவி இயற்பியல் உண்டு; நில அதிர்வு ஆய்வு அதன் ஒரு பிரிவுதான். கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் எம்.எஸ்சி. புவி இயற்பியல், இந்த வழியும் மட்டமில்லை. அதன்பின் யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போகலாம். எண்ணெய் நிறுவனங்களும் எடுக்கின்றன. 2004 சுனாமிக்குக் காரணமான சுமத்ரா–அந்தமான் பகுதியும் இப்படித் தட்டு புதையும் இடம்தான். அதைக் கண்காணிக்கும் சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஜப்பான் மாதிரி ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் முனைவர் பட்டம் தேவை. வருடங்கள் ஆகும், நிரந்தரப் பணியிடங்களும் குறைவு.

பணம் கட்டுவதற்கு முன் லீவில் ஒரு வேலை கொடுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் நிலநடுக்கப் பட்டியல் இலவசம். ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷு பகுதியை மட்டும் இறக்கி, பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் ஆழ வரைபடம் போடட்டும். அரை நாளில் அலுத்துவிட்டால் அப்போதே தெரிந்துவிடும்.