காய்ச்சலே இல்லை, ஸ்வாப் ரிப்போர்ட் மட்டும் பாசிட்டிவ்: மருந்து வேண்டாமா?

கேள்வி: ஐசியூவில் சேர்த்த அன்றே அப்பாவின் ஆசனவாயில் ஸ்வாப் எடுத்தார்கள். ‘கார்பாபெனெம் எதிர்ப்பு கிளெப்சியெல்லா’ என்று ரிப்போர்ட் வந்ததும் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். காய்ச்சல் இல்லை, ஆன்டிபயாடிக்கும் தரவில்லை. கவனிக்காமல் விடுகிறார்களா?

பதில்: இல்லை, சரியாகத்தான் செய்கிறார்கள். கிளெப்சியெல்லா என்பது ஒரு பாக்டீரியா; கார்பாபெனெம் என்பது வலுவான ஆன்டிபயாடிக் வகை. அந்த மருந்துக்கும் மசியாத கிருமி உங்கள் அப்பாவின் குடலில் குடியிருக்கிறது, நோயை உண்டாக்கவில்லை. இப்போது ஆன்டிபயாடிக் கொடுத்தால், அதை அடக்கி வைத்திருக்கும் மற்ற பாக்டீரியாக்கள்தான் முதலில் சாகும். மருந்துக்கு மசியாத கிளெப்சியெல்லாவுக்கு இடம் தாராளமாகிவிடும்.

அப்படியானால் எதற்கு இந்தச் சோதனை? இதைச் சுமப்பவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆனால் தொட்ட கை, கட்டில் கம்பி, சிறுநீர்ப் பை வழியாகப் பக்கத்து நோயாளிக்குப் போய்விடும். காய்ச்சல் வந்தவர்களை மட்டும் சோதித்தால் பாதிக்கதை தெரியாமலே போகும்.

லேபில் ஸ்வாபை, மருந்து கலந்த கல்ச்சர் பிளேட்டில் (கிருமி வளர்க்கும் தட்டில்) தேய்த்து வைப்பார்கள். அந்த மருந்தையும் மீறி வளர்வதுதான் மறுநாள் கண்ணில் படும். நிறம் காட்டும் பிளேட்டாக இருந்தால் கிளெப்சியெல்லா நீலமாகத் தெரியும். பிறகு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சென்சிடிவிட்டி. எல்லாம் முடிய 2, 3 நாள் ஆகும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் என்டிஎம், கேபிசி, ஓஎக்ஸ்ஏ-48 போன்ற எதிர்ப்பு மரபணுக்களைச் சொல்லிவிடும். ஆனால் தேடச் சொன்ன மரபணுவைத்தான் அது தேடும். அதனால் பிசிஆர் நெகட்டிவ் என்ற ஒன்றை மட்டும் வைத்து நிம்மதியாகிவிட முடியாது. ஒரே வார்டில் அடுத்தடுத்து இருவருக்கு இதே கிருமி வந்தால், தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு கை கழுவும் தொட்டியின் வடிகால்வரை தேடும். அங்கேயும் இது மாதக்கணக்கில் தங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: அறைக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். தொற்று உள்ளே நுழைய அது முக்கியமான வழி. காய்ச்சல் வந்தால் இந்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் உடனே நினைவுபடுத்துங்கள். வழக்கமான மருந்து கேட்காமல் போகலாம் என்பதால், எதைத் தொடங்குவது என்ற முடிவே மாறும். மருந்தைத் தொடங்கும் முன் ரத்தம், சிறுநீர் கல்ச்சர் எடுத்துவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு தனித்தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம். கழிப்பறைக்குப் போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். பேரப்பிள்ளைகளைத் தாராளமாகக் கொஞ்சட்டும். ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். குடலில் இது பல மாதம் இருக்கலாம். ஒரு ஸ்வாப் நெகட்டிவ் வந்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வேறு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், படுக்கை ஒதுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.